13,000 ஆய்விதழ்கள் கைக்கு வந்தாச்சு... தேடத் தெரியுமா? காரைக்குடி சொல்லும் கணக்கு

'கூகுள்ல தட்டினா வந்துடப் போகுது, இதுல கத்துக்க என்ன இருக்கு?' ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவது பற்றிப் பேச்செடுத்தால் பலரிடமிருந்தும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். வேண்டுமானால் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். ஆய்வுத் தரவுத்தளம் ஒன்றில் 'செட்டிநாடு' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆத்தங்குடி கல்லும் தேக்கு மரத் தூண்களும் வரும் என்று எதிர்பார்த்தால், சர்க்கரை நோய், எலும்பு முறிவு, பல் சிகிச்சை என்று மருத்துவக் கட்டுரைகளாக வந்து நிற்கும்.

காரணம் எளிது. சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் செட்டிநாடு பெயரில் ஒரு மருத்துவ நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கு பணிபுரிபவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும், அவர் பெயருக்குக் கீழே நிறுவன முகவரியாக 'செட்டிநாடு' என்ற சொல் வரும். எந்த இடத்தில் தேட வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் தேடுபொறி எல்லா இடத்திலும் தேடிவிட்டது. அதன் மேல் தப்பில்லை.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இதன் பின்னால் 6,000 கோடி ரூபாய் மக்கள் வரிப்பணம் இருக்கிறது.

ஒரே நாடு ஒரே சந்தா: என்ன திட்டம்?

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்னிடம் இருக்கும் காசுக்கு ஏற்ப ஆய்விதழ்களுக்குத் தனித்தனியாகச் சந்தா கட்டி வந்தது. பணமுள்ள ஐ.ஐ.டி.க்கு நிறைய கிடைக்கும், மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு கல்லூரிக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இனி அரசே மொத்தமாகப் பணம் கட்டும், எல்லா அரசு நிறுவனங்களும் படிக்கலாம் என்பதுதான் புது ஏற்பாடு.

எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், ஐ.இ.இ.இ., ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்கள். கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட மத்திய, மாநில அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள். சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 6,000 கோடி. நடத்தும் பொறுப்பு காந்திநகரில் உள்ள 'இன்ஃப்ளிப்நெட்' மையத்திடம்.

கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,000 கோடி. தலைக்கு வருஷத்துக்கு சுமார் 1,100 ரூபாய். சந்தா இல்லாத ஒருவர் பதிப்பகத்தின் தளத்தில் ஒரே ஒரு கட்டுரையை விலை கொடுத்து வாங்கப் போனால், பெரும்பாலும் 30 முதல் 40 டாலர் வரை கேட்பார்கள். அதாவது ஒரு கட்டுரைக்கே 2,500 ரூபாய்க்கு மேல். அந்த வகையில் பார்த்தால் இது லாபகரமான ஏற்பாடுதான். ஒரே ஒரு நிபந்தனை: வாங்கி வைத்ததை எடுத்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

காரைக்குடியில் யார் உள்ளே, யார் வெளியே?

காரைக்குடி ஆராய்ச்சிக்குப் புதிய ஊர் இல்லை. பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஊர்க்காரர்கள் வாயில் 'சிக்ரி', இங்கே வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது.

சிக்ரி மத்திய அரசு நிறுவனம். அழகப்பா மாநிலப் பல்கலைக்கழகம். இரண்டும் திட்டத்தின் வரம்புக்குள் வரும் வகை. ஆனால் அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்தும் பேராசிரியருக்கு முதல் கட்டத்தில் இடமில்லை. ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டே ஏதாவது ஒரு துறையை ஆழமாகப் படிக்க நினைப்பவருக்கும் இடமில்லை. பழைய செட்டிநாட்டு வீட்டை ஹோட்டலாக மாற்றும் கட்டடக் கலைஞருக்கும், சொந்தமாக மருந்துக் கடை நடத்துபவருக்கும் அப்படியே. அடுத்தடுத்த கட்டங்களில் தனியார் நிறுவனங்களுக்கும் பொது நூலகங்களுக்கும் விரிப்பது என்பது திட்டத்தில் இருக்கிறது. அது நடக்கும் வரை வெளியே நிற்பவர்களுக்கு என்ன வழி என்பதைப் பின்னால் பார்ப்போம். உள்ளே இருப்பவர்களானாலும் வெளியே இருப்பவர்களானாலும், இருவருக்கும் தேவைப்படுவது ஒரே திறமைதான்: சரியாகத் தேடுவது.

கேள்வியை உடைத்தால் பாதி வேலை முடிந்தது

தேடல் தோற்பதற்கு முதல் காரணம், மனதில் இருக்கும் கேள்வியை அப்படியே வாக்கியமாகத் தட்டுவது. ஆய்வுத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் சொற்களைத்தான் பொருத்திப் பார்க்கின்றன. அதனால் கேள்வியைச் சொற்களாக உடைக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு மாணவி இருக்கிறார் என்று வையுங்கள். அவருடைய கேள்வி: '1930-களின் பொருளாதார மந்தத்தில் பர்மாவில் வட்டித் தொழில் செய்த நகரத்தார்கள் கையில் எப்படி இவ்வளவு நிலம் வந்து சேர்ந்தது?'

இது கற்பனைக் கேள்வி அல்ல. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-க்குள் அது சுமார் 25 சதவீதமானது. நெல் விலை விழுந்தது, கடன் வாங்கிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. செட்டிநாட்டில் எத்தனையோ வீடுகளின் கதை இதில் இருக்கிறது.

இந்தக் கேள்வியில் மூன்று கூறுகள். யார்? நகரத்தார். எங்கே? பர்மா. என்ன? கடனும் நிலமும். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தாளில் ஒரு கட்டம் போட்டு, அந்தக் கருத்துக்கு மற்றவர்கள் என்னென்ன சொல் பயன்படுத்தியிருப்பார்கள் என்று எழுத வேண்டும்.

* யார்: நாட்டுக்கோட்டை செட்டியார், நகரத்தார், செட்டியார், பிரிட்டிஷ் ஆவணங்களில் வரும் 'செட்டி'.
* எங்கே: பர்மா, மியான்மர், ரங்கூன், ஐராவதி டெல்டா.
* என்ன: கிரெடிட், மனிலெண்டிங், பேங்கிங், அக்ரேரியன் டெட், லேண்ட் ஏலியனேஷன்.

கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். நிலம் கைமாறுவதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'லேண்ட் ஏலியனேஷன்'. அந்தத் துறையின் சொல் தெரியாமல் 'லேண்ட் லாஸ்' என்று தேடினால் முக்கியமான கட்டுரைகள் கண்ணில் படாமலே போகும். துறையின் சொல்லைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்தாலும் போதும், அதன் சுருக்கத்துக்குக் கீழே ஆசிரியரே கொடுத்திருக்கும் 'கீவேர்ட்ஸ்' வரியைப் பாருங்கள். அடுத்த தேடலுக்கான சொற்கள் அங்கேயே கிடைக்கும்.

ஆண்ட், ஆர், நாட்: மூன்று சின்னச் சொற்கள்

ஒரே கட்டத்துக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' போட்டு இணைக்க வேண்டும். ஒரு கட்டத்தையும் இன்னொரு கட்டத்தையும் 'ஆண்ட்' போட்டு இணைக்க வேண்டும். இரண்டு சொல் சேர்ந்த தொடர்களுக்கு இரட்டை மேற்கோள் குறி. ஆங்கிலத்தில் தட்ட வேண்டிய அந்தத் தேடலின் வடிவம் இப்படி இருக்கும்:

("நாட்டுக்கோட்டை செட்டியார்" ஆர் நகரத்தார் ஆர் செட்டியார்) ஆண்ட் (பர்மா ஆர் மியான்மர் ஆர் ரங்கூன்) ஆண்ட் (கிரெடிட் ஆர் மனிலெண்டிங் ஆர் "லேண்ட் ஏலியனேஷன்")

'ஆர்' முடிவுகளைக் கூட்டும். 'ஆண்ட்' குறைக்கும். மூன்றாவது சொல்லான 'நாட்' வேண்டாததை விலக்கும், ஆனால் அதில் கை வைக்கும்போது கவனம் தேவை. 'மலேயா வேண்டாம்' என்று 'நாட்' போட்டால், பர்மாவையும் மலேயாவையும் ஒப்பிட்டு எழுதிய நல்ல கட்டுரையும் சேர்ந்து காணாமல் போகும். இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தட்டுவது நல்லது. சில தளங்கள் சின்ன எழுத்தில் இருந்தால் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொள்ளும்.

அடைப்புக்குறி போட மறப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. கணக்கில் பெருக்கலை முதலில் செய்வதா, கூட்டலை முதலில் செய்வதா என்பது போன்ற சிக்கல் இது. 'பப்மெட்' தளம் இடமிருந்து வலமாக வரிசையாகப் படிக்கும். 'வெப் ஆஃப் சயன்ஸ்' முதலில் 'ஆண்ட்' வேலையை முடித்துவிட்டுத்தான் 'ஆர்' பக்கம் போகும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு தளங்களில் இரண்டு விடை தரும்.

இன்னொரு கருவி நட்சத்திரக் குறி. சிக்ரியில் துருப்பிடித்தல் பற்றி ஆய்வு செய்பவர் 'கரோஷன்', 'கரோசிவ்', 'கரோடட்' என்று மூன்றையும் தனித்தனியாகத் தேட வேண்டியதில்லை. மூன்றுக்கும் பொதுவான முன்பாதியைத் தட்டி, பின்னால் ஒரு நட்சத்திரம் போட்டால் 'ஸ்கோபஸ்', 'வெப் ஆஃப் சயன்ஸ்' இரண்டிலும் எல்லாம் வந்துவிடும். 'கூகுள் ஸ்காலர்' தளத்தில் இந்த வித்தை பலிக்காது. அங்கே சொல்லின் வேறு வடிவங்களைத் தளமே பார்த்துக்கொள்ளும், ஆனால் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்று சொல்லாது.

முதலில் பார்த்த 'செட்டிநாடு' சிக்கலுக்கும் இதே இடத்தில் தீர்வு இருக்கிறது. ஸ்கோபஸ் போன்ற தளங்களில் தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டியல் திறக்கும். அதில் 'தலைப்பு, சுருக்கம், கீவேர்ட்ஸ்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் நிறுவன முகவரியில் வரும் செட்டிநாடு விலகிவிடும். கூகுள் ஸ்காலரில் இடது மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு 'அட்வான்ஸ்டு சர்ச்' போனால், 'கட்டுரைத் தலைப்பில் மட்டும்' தேடும் வசதி உண்டு.

எந்தத் தளம் எதற்கு?

எல்லாவற்றுக்கும் ஒரே தளம் போதும் என்று நினைப்பது, துணிக்கடையில் மளிகைச் சாமான் கேட்பது மாதிரி.

கூகுள் ஸ்காலர்: 2004 நவம்பரில் தொடங்கியது. இலவசம். கட்டுரையின் முழு உரையிலும் தேடும். முதல் பார்வைக்கு அருமை. ஆனால் எத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டினாலும், அதிகபட்சம் 1,000 முடிவுகளைத்தான் புரட்டிப் பார்க்க முடியும். அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட பழைய கட்டுரைகள் மேலே வருவதால், போன மாதம் வந்த புதியது கீழே புதைந்துவிடலாம். பக்கவாட்டில் ஆண்டு வரம்பு போடுவது இதனால்தான் முக்கியம்.

ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ்: தேர்ந்தெடுத்த இதழ்களின் கட்டுரை விவரங்கள், மேற்கோள்கள். நிறுவனம் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துக்கொள்வது நல்லது. இவை கட்டுரை எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைகள். கட்டுரையின் முழு உரை பதிப்பகத்தின் தளத்தில் இருக்கும். 'ஒரே நாடு ஒரே சந்தா' முக்கியமாகத் திறந்துவிடுவது இரண்டாவதைத்தான்.

பப்மெட்: மருத்துவம், உயிரியல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிறது, 1996 முதல் இலவசம். இதன் பலம் 'மெஷ்' என்ற சொற்பட்டியல். ஒரு ஆசிரியர் 'ஹார்ட் அட்டாக்' என்று எழுதினாலும், இன்னொருவர் 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று எழுதினாலும், மெஷ் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் கொண்டு வந்துவிடும்.

ஜேஸ்டோர்: வரலாறு, சமூகவியல், இலக்கியம். பழைய இதழ்களின் சுரங்கம். தனிநபர் இலவசக் கணக்கு தொடங்கினாலே மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இணையத்திலேயே படிக்கலாம்.

ஷோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள், லட்சக்கணக்கில், முழு உரையோடு, இலவசமாக. இதையும் நடத்துவது இன்ஃப்ளிப்நெட்தான். நம் மாவட்டம், நம் ஊர் பற்றிய களத் தகவல் வெளிநாட்டு இதழ்களில் இருப்பதைவிட இங்கே அதிகம்.

ஒரு கட்டுரை கிடைத்தால் பத்து கிடைக்கும்

தேடல் பெட்டியில் மட்டுமே உட்கார்ந்திருப்பவர்கள் தவறவிடும் வழி ஒன்று இருக்கிறது. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் அதன் கடைசிப் பக்கங்களில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தால், அது யாரையெல்லாம் படித்து எழுதப்பட்டது என்று தெரியும். இது பின்னோக்கிய தேடல். கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரைக்குக் கீழே 'சைட்டட் பை' என்ற இணைப்பைத் தொட்டால், அதற்குப் பிறகு யாரெல்லாம் அதைப் பயன்படுத்தி எழுதினார்கள் என்று தெரியும். இது முன்னோக்கிய தேடல்.

நகரத்தார் பற்றிய ஆய்வில் டேவிட் வெஸ்ட் ருட்னர் 1994-ல் எழுதிய நூல் தவிர்க்க முடியாதது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடு. அதன் நூற்பட்டியலைப் பிடித்துப் பின்னால் போனால் 1929-30-ல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை வரை போகலாம். 'சைட்டட் பை' பிடித்து முன்னால் வந்தால் கடந்த 30 ஆண்டுகளின் ஆய்வுகள் வரிசை கட்டி வரும். அந்த வரிசைக்குள்ளேயே 'பர்மா' என்று மறுபடி தேடவும் வசதி உண்டு. இது தேடலுக்குள் ஒரு தேடல்.

நம்ம ஊர்ப் பெயருக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

இதுவரை சொன்னது உலகத்துக்கே பொது. இனி வருவது தமிழர்களுக்கென்றே உள்ள தலைவலி.

'நகரத்தார்' என்பதை இன்று பலர் ஆங்கிலத்தில் 'டி, ஹெச்' சேர்த்து எழுதுகிறார்கள். ஜப்பானிய ஆய்வாளர் யூகோ நிஷிமுரா நகரத்தார் பெண்களின் சொத்துரிமை பற்றி 1998-ல் எழுதிய நூலின் தலைப்பில் 'ஹெச்' கிடையாது. 'டீ' எழுத்து இரண்டு முறை வரும். ருட்னரின் நூல் தலைப்பில் 'நகரத்தார்' என்ற சொல்லே இல்லை, 'நாட்டுக்கோட்டை செட்டியார்'தான். அதிலும் 'க்கோ'வுக்கு ஒரே 'கே'. ஆக, உங்களுக்குப் பழக்கமான ஒரே ஸ்பெல்லிங்கில் தலைப்புகளைத் தேடினால் இந்த இரண்டு அடிப்படை நூல்களும் தட்டுப்படாது.

நூலகப் பட்டியல்களுக்குப் போனால் கதை இன்னும் மாறும். அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் தமிழ் நூல்களின் பெயரை ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்று விதிப்படி மாற்றி எழுதுகின்றன. தமிழில் 'க' ஒன்றுதான், எனவே எங்கே வந்தாலும் 'கே'தான். 'நகரத்தார்' என்பதில் நாம் போடும் 'ஜி' அங்கே இருக்காது. 'காரைக்குடி'யின் கடைசி எழுத்துக்கு 'டாக்டர்' என்று எழுதும்போது வரும் முதலெழுத்து வராது, நாம குடிக்கிற 'டீ'யின் முதலெழுத்துதான் வரும். 'செட்டிநாடு' தொடங்குவது 'சி' எழுத்தில், ஆனால் அடுத்து 'ஹெச்' கிடையாது. இந்த விதி தெரியாமல் அந்த நூலகப் பட்டியல்களில் தேடினால், 'புத்தகமே இல்லை போல' என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம்.

தமிழ் எழுத்திலேயே தேடினால்? அது அவசியம் செய்ய வேண்டியது. ஷோத்கங்காவிலும் கூகுள் ஸ்காலரிலும் தமிழில் தட்டினால் ஆங்கிலத்தில் வராத முடிவுகள் வரும். ஆனால் யூனிகோடு பரவலாவதற்கு முன்பு பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைக் கணினியால் தமிழாகப் படிக்க முடியாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். வெறும் படமாக ஸ்கேன் செய்த பக்கங்களும் அப்படித்தான். எனவே தமிழ் ஆவணங்களில் உள்ளே தேடுவதைவிட, தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று பட்டியலைப் பிடித்துப் போவதே நம்பகமான வழி.

கோட்டையூரில் இருந்த புதையல்

இந்த இடத்தில் மறுபடி கோட்டையூருக்கு வர வேண்டியிருக்கிறது. ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பல்லாண்டுகள் பழைய தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், திருமண அழைப்புகள் என்று சேகரித்து வைத்தது இந்த ஊரில்தான். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. வாங்கினாலும் வெளிநாட்டுக்குக் கொண்டு போகவில்லை. 1994-ல் அதைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தொடக்கத்தில் இருந்தவை மட்டும் சுமார் 1 லட்சம்.

1920-களில் காரைக்குடியிலிருந்து வந்த 'ஊழியன்', 'குமரன்' போன்ற இதழ்களில் அன்றைய நகரத்தார் சமூகம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொண்டது இருக்கிறது. மாணவியின் பர்மாக் கேள்விக்கு ஆங்கில அறிக்கைகள் அதிகாரியின் கண்ணால் பதில் சொல்லும். இங்கிருந்து கப்பலேறியவர்களின் பக்கத்தைத் தெரிந்துகொள்ள இப்படிப்பட்ட இதழ்கள்தான் வேண்டும். இவை ஸ்கோபஸில் வராது. 13,000 இதழ்களுக்குச் சந்தா கட்டினாலும் வராது. ரோஜா முத்தையா நூலகப் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம், இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கு 'நூலகம்' தளம் என்று தனியாகத் தேட வேண்டும்.

சந்தா பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இதுதான். சர்வதேசத் தரவுத்தளத்தில் இல்லாததை 'ஆய்வே இல்லை' என்று ஒரு மாணவர் எழுதினால், அது அறியாமை மட்டுமல்ல, தன் ஊரின் எழுத்தையே கணக்கில் சேர்க்காமல் விடுவதும்கூட.

சந்தா இல்லாதவர்களுக்கு என்ன வழி?

திட்டத்துக்குள் வரும் நிறுவனத்தில் இருப்பவர்கள் வளாக வைஃபையில் இருந்தால் நேரடியாகப் படிக்கலாம். வீட்டிலிருந்து படிக்க, நிறுவனத்தின் வழியாக 'இன்ஃபெட்' கணக்கு வாங்க வேண்டும். நூலகரைக் கேட்டால் சொல்வார்.

வெளியே இருப்பவர்கள் சட்டப்படி செய்யக்கூடியவை நான்கு. ஒன்று, கூகுள் ஸ்காலர் முடிவுக்குக் கீழே 'ஆல் வெர்ஷன்ஸ்' தொட்டுப் பார்ப்பது. ஆசிரியரே தன் பல்கலைக்கழகத் தளத்தில் இலவசப் பிரதி போட்டிருக்கலாம். இரண்டு, 'அன்பேவால்' என்ற இலவச பிரவுசர் நீட்சி. சட்டப்பூர்வமான இலவசப் பிரதி எங்கேயாவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். மூன்று, திறந்த அணுகல் தளங்கள். இயற்பியல், கணினி அறிவியலுக்கு 1991 முதல் இயங்கும் 'ஆர்கைவ்', திறந்த இதழ்களின் பட்டியலுக்கு 'டி.ஓ.ஏ.ஜே.'. நான்கு, ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல். தன் கட்டுரையை ஒருவர் கேட்கிறார் என்றால் பெரும்பாலான ஆய்வாளர்கள் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

பல ஆண்டுகளாக இந்திய மாணவர்கள் நம்பியிருந்த ஐந்தாவது வழி 'சை-ஹப்'. எல்சவியர், வைலி, அமெரிக்க கெமிக்கல் சொசைட்டி ஆகியவை 2020 டிசம்பரில் தொடுத்த வழக்கில், 2025 ஆகஸ்ட்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் தளத்தை முடக்க உத்தரவிட்டது. ஒரு பக்கம் அரசுத் திட்டத்துக்குள் இருப்பவர்களுக்குக் கதவு திறந்தது, இன்னொரு பக்கம் வெளியே இருப்பவர்கள் பயன்படுத்திய பக்கவாசல் மூடப்பட்டது. சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கு இந்த இரண்டும் சேர்ந்து எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கிடைத்ததெல்லாம் நம்பலாமா?

2023-ல் மட்டும் உலகம் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அதில் 8,000-க்கு மேல் 'ஹிண்டாவி' என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. திரும்பப் பெற்ற கட்டுரையின் பழைய பிரதி இணையத்தில் உலவிக்கொண்டேதான் இருக்கும். 'ரிட்ராக்‌ஷன் வாட்ச்' தரவுத்தளம் 2023 செப்டம்பர் முதல் 'கிராஸ்ரெஃப்' அமைப்பின் கீழ் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. 'ஜொடேரோ' என்ற இலவச மேற்கோள் மென்பொருளில் கட்டுரைகளைச் சேமித்து வைத்தால், அதில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டால் அதுவே எச்சரிக்கும்.

முன்பு 'யு.ஜி.சி. கேர் பட்டியலில் இருக்கிறதா?' என்று கேட்டால் போதும் என்ற நிலை இருந்தது. 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. அந்தப் பட்டியலையே கைவிட்டது. எந்த இதழ் தரமானது என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும்தான். அந்த இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் யார், மதிப்பாய்வுக்கு எத்தனை நாள் எடுக்கிறார்கள், 'இரண்டு நாளில் வெளியீடு' என்று விளம்பரம் செய்கிறார்களா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது ஏ.ஐ. அரட்டைச் செயலிகள். சொற்களை யோசிக்க, ஒரு கருத்துக்கு இணையான ஆங்கிலச் சொற்களைக் கேட்க அவை நல்ல துணை. 'பத்து கட்டுரை சொல்லு' என்று கேட்டால்தான் ஆபத்து. ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. 2023-ல் நியூயார்க் வழக்கறிஞர்கள் இப்படி சாட்ஜிபிடி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். சோதிப்பது சுலபம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 'டி.ஓ.ஐ.' என்ற நிரந்தர எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணைத் தேடினால் அதே கட்டுரை திறக்க வேண்டும். எண் இருந்தும் திறக்கவில்லை, அல்லது வேறு கட்டுரை திறக்கிறது என்றால் அந்த மேற்கோளைத் தொடாதீர்கள். பழைய கட்டுரைகள் சிலவற்றுக்கு இந்த எண் இருக்காது. அவற்றை இதழின் தளத்திலோ நூலகப் பட்டியலிலோ உறுதி செய்ய வேண்டும்.

2027-க்குப் பிறகு?

ஒதுக்கீடு 2027 வரைதான். அதற்கு மேல் நீட்டிக்கும் பேச்சு வரும்போது எந்த இதழ் எவ்வளவு படிக்கப்பட்டது என்ற கேள்வி நிச்சயம் எழும். பயன்படுத்தப்படாத சந்தாவைத் தொடர எந்த நிதியமைச்சகமும் விரும்பாது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளை எல்லோருக்கும் இலவசமாக வெளியிடச் சொல்லும் பக்கம் நகரும்போது, இந்தியா சந்தாவுக்கு இவ்வளவு பணம் கொட்ட வேண்டுமா என்ற விமர்சனமும் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு வாதத்துக்கும் பதில் சொல்ல, கொடுத்த மூன்று ஆண்டுகளில் கல்லூரிகள் இதை எவ்வளவு பயன்படுத்தின என்பதுதான் சான்று.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. முதுகலை முதல் பருவத்தில் தேடல் பயிற்சிக்கு ஒரு நாள் ஒதுக்கலாம். ஒவ்வொரு ஆய்வு மாணவரும் எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினேன், எத்தனை முடிவு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். ஆறு மாதம் கழித்து வழிகாட்டி 'இதை ஏன் பார்க்கலை?' என்று கேட்டால் பதில் சொல்ல அந்த நோட்டு போதும். முக்கியமான தேடலுக்கு 'அலர்ட்' வைத்தால் புதுக் கட்டுரை மின்னஞ்சலுக்கே வரும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த விதியைத் தினமும் நடைமுறையில் காட்டுபவர் உங்கள் கல்லூரி நூலகர். 13,000 இதழ்கள் போனுக்குள் வந்துவிட்ட பிறகு அவரிடம் போய் நிற்பவர்கள் குறைந்திருக்கலாம். அடுத்த முறை தேடல் முட்டிக்கொண்டால், பெட்டியில் இன்னொரு சொல்லைத் தட்டுவதற்கு முன் அவரிடம் ஒரு பத்து நிமிடம் பேசிப் பாருங்கள்.